தலையணைக்கு அடியில் இருக்க வேண்டிய தாள்



புதுச்சேரி நகரில் சில காலத்திற்கு முன் ஒரு பெரியவர் மவ்த்தானார். ஐவேளைத் தொழுகையாளி, ஏழைகளுக்கு இரங்குபவர். ஜனாஸா தொழுகைக்கு முன், மய்யித்தின் மீது கடன் ஏதும் இருந்தால் வாரிசுகளிடம் தெரிவிக்குமாறு வழக்கம் போல் அறிவித்தேன். மூவர் வந்தார்கள். ஒருவரிடமும் சீட்டு இல்லை. “அத்தா எங்களிடம் சொன்னதே இல்லையே!” என்றார்கள் மக்கள்.

அதைவிட வேதனை ஒன்று உண்டு. அவருடைய மூத்த மகன் முன்பே இறந்து விட்டார். அம்மகனின் இரு குழந்தைகளும் பாட்டனாரின் மடியில் வளர்ந்தவர்கள். “உங்களுக்கும் ஒரு பங்கு வைத்திருக்கிறேன்” என்று அவர் சொல்வாராம். எழுத்தும் இல்லை, கேட்ட சாட்சியும் இல்லை. மற்ற மகன்கள் உயிரோடிருக்க, பேரர்களுக்கு வாரிசுப் பங்கு கிடையாது. அனாதைகள் வெறுங்கையோடு நின்றார்கள்.

இது ஷரீஅத்தின் குறையா? அல்ல, நமது அலட்சியம்! நெருங்கிய உறவினருக்கு வஸிய்யத் செய்யுமாறு அல்பகரா சூராவின் 180-ஆம் வசனம் ஏவுகிறது. அன்னிஸா சூரா வாரிசுகளுக்குப் பங்கு வகுத்த பின்னும், பங்கு பெறாத உறவினருக்கு இந்த வாசல் திறந்தே இருக்கிறது. எகிப்து நாட்டில் 1946-ஆம் ஆண்டுச் சட்டம், இத்தகைய பேரர்களுக்கு வஸிய்யத்தைக் கட்டாயமாகவே ஆக்கியது. நமக்கோ ஒரு தாளும் பேனாவும் போதும்.

ஆனால் எல்லை உண்டு. ஸஅது இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்கள் நோயுற்றபோது, பெரும் பொருளைத் தர்மம் செய்ய அனுமதி கேட்டார்கள். நபி (ஸல்) அவர்கள் மூன்றில் ஒன்றையே அனுமதித்து, அதுவும் அதிகம்தான் என்றார்கள். வாரிசுகளைப் பிறரிடம் கையேந்தும் நிலையில் விடக்கூடாது என்பதே அதன் கருத்து. வாரிசுக்கு வஸிய்யத் இல்லை என்பதும் ஹதீதில் வந்துள்ளது. ஆகவே ஒரு மகனுக்கு அதிகம் கொடுக்கவோ, மகளின் பங்கைக் குறைக்கவோ வஸிய்யத்தைக் கருவியாக்காதீர்கள். அடக்கச் செலவு, கடன், பிறகு வஸிய்யத், அதன் பின்பே வாரிசுப் பங்கு. இதுவே வரிசை. மனைவிக்குக் கொடுக்காத மஹரும் கடனே என்பதைக் கணவன்மார்கள் மறக்க வேண்டாம்!

நம் ஊருக்கென்று ஒரு விசேஷம் உண்டு. புதுச்சேரி 1962-இல் சட்டப்படி இந்தியாவுடன் இணைந்தது. முஸ்லிம் தனியார் சட்டமான 1937-ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டம் 1968-இல்தான் இங்கு நீட்டிக்கப்பட்டது. அப்போதும், 1881-ஆம் ஆண்டு ஆணையின்படி பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்ற ‘ரெனோன்சான்’களுக்கு அது பொருந்தாது என விலக்கு வைக்கப்பட்டது. இன்று பிள்ளைகள் பிரான்சில் குடியிருக்கும் வீடுகள் பல. அங்கு நிரந்தரமாகக் குடியிருந்து இறப்பவரின் சொத்தைப் பொதுவாக அந்நாட்டுச் சட்டமே பிரிக்கும். மூன்று பிள்ளைகள் அல்லது அதற்கு மேல் உள்ளவர் அச்சட்டப்படி நான்கில் ஒரு பங்கையே தம் விருப்பப்படி எழுத முடியும். ஆகவே இரு நாட்டுத் தொடர்புள்ளவர்கள் ஓர் ஆலிமையும் ஒரு வழக்கறிஞரையும் சேர்த்தே கேட்டு எழுதுங்கள்.

எழுத வேண்டியவை இவை: கொடுக்க வேண்டிய கடன், வர வேண்டிய பணம், பிறர் வைத்த அமானிதம், நிறைவேற்றாத ஜகாத், விடுபட்ட நோன்பின் ஃபித்யா, கடமையாகியும் செய்யாத ஹஜ், பங்கில்லாத உறவினருக்கான தொகை, பொறுப்பேற்கும் ‘வஸீ’யின் பெயர். நீதமான இருவரைச் சாட்சி வையுங்கள். பதிவு செய்வது கட்டாயமல்ல. செய்தால் வழக்கு குறையும். தாய்மார்களும் தங்கள் நகைக்கும் நிலத்திற்கும் எழுதலாம்.

வஸிய்யத் செய்ய வேண்டிய பொருளுள்ளவர், அது எழுதப்படாமல் இரு இரவுகளைக் கழிப்பது தகாது என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதைச் செவியுற்ற இப்னு உமர் (ரலி) அவர்கள், அதன் பின் ஓர் இரவைக்கூட வஸிய்யத் இன்றிக் கழிக்கவில்லை. நாமோ எத்தனை ஆயிரம் இரவுகளைக் கழித்து விட்டோம்!

இன்று இஷா தொழுதபின் எழுதத் தொடங்குங்கள். கடனில்லாத கப்ரையும், சண்டையில்லாத பிள்ளைகளையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.