வெட்டியவர் போன பிறகு

பாளையம்பட்டியிலிருந்து திருச்சுழிப் பக்கம் போனால் தரிசெல்லாம் சீமைக் கருவேலம். மெக்சிகோ, தென்னமெரிக்கப் பக்கத்து மரம். 1877-லேயே விதை இந்தியாவுக்கு வந்துவிட்டது. விறகுப் பஞ்சம் தீரட்டும் என்று பிறகு அரசாங்கமே பரப்பியது. எண்ணத்தில் குறையில்லை. மழை ஏமாற்றிய வருடங்களிலும் இந்த மரம்தான் அடுப்பெரித்தது. ஆனால் ஆடு மாடுகளை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. அவை நெற்றைத் தின்றுவிட்டுப் போகிற இடமெல்லாம் விதை போட்டன. கண்மாயும் வரத்துக்காலும் முள்ளுக்காடாயின.

2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இந்த மரங்களை அகற்றச் சொன்னது. ஜேசிபிகள் இறங்கின. சில மாதங்களிலேயே சென்னையில் அதே நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை போட்டது. இந்த மரத்தைத் தூரோடு தோண்டாமல் வெட்டிவிட்டால் அடிக்கட்டையிலிருந்து முன்னைவிட அடர்த்தியாகத் தழைக்கும். கரிமூட்டம் போட்டுப் பிழைப்பவருக்கோ அது சோறு போட்ட மரம். வைக்கச் சொன்னவர்களும் வெட்டச் சொன்னவர்களும் அதன் முள்ளில் நடக்கிறவர்கள் இல்லை. எனக்கு உறுத்துவது அதுதான்.

அதற்காக அடுத்தவர் வாழ்க்கையில் எதிலும் தலையிடாமல் இருப்பதே நல்லது என்று சொல்ல மாட்டேன். பக்கத்து வீட்டில் பெண்ணை அடிக்கிற சத்தம் கேட்கிறது. ‘புருஷன் பொண்டாட்டி விவகாரம், நமக்கெதுக்கு வம்பு’ என்று டிவி சத்தத்தைக் கூட்டுகிறோமே, அதுவும் அடிக்கிறவனுக்குச் செய்கிற ஒத்தாசைதான். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டப்படி, விவரம் தெரிந்த யாரும் பாதுகாப்பு அலுவலரிடம் சொல்லலாம். நல்லெண்ணத்தோடு சொன்னவர்மேல் வழக்கு வராது. 181-க்கும் போன் போடலாம். அடி விழும்போது யோசிக்க ஒன்றுமில்லை, கதவைத் தட்டத்தான் வேண்டும்.

சிக்கல் மறுநாள் காலையில். மரத்தை வெட்டியவர் போலவே, தட்டியவரும் தன் வேலைக்குப் போய்விடுவார். அவள் அதே வீட்டில், அதே ஆளோடு. நாலு பெரிய மனிதர்கள் கூடி, “பொறுத்துப் போ தாயி” என்று சமாதானம் செய்துவைப்பார்கள் (ஆளை அடக்கிவைக்கும் வேலைக்குச் சமாதானம் என்று பெயர்!). இல்லையென்றால் ஆத்திரத்தில் யாராவது அவளைக் கேட்காமலே அம்மா வீட்டுக்குப் பஸ் ஏற்றிவிடுவார்கள்.

“என்ன தாயி, நாங்க என்ன செய்யட்டும்?” என்று முதலில் அவளைத்தான் கேட்க வேண்டும். ஸ்டேஷனுக்குப் போகலாம் என்றால் கூடப் போக வேண்டும். “பிள்ளைகள் மட்டும் ரெண்டு நாள் உங்க வீட்டுல படுத்துக்கட்டும்க்கா, நான் யோசிச்சுச் சொல்றேன்” என்றால் பாய் விரித்துக் கொடுத்துவிட்டு, மூன்றாம் நாளும் போய்க் கேட்க வேண்டும்.