கோழிப்பண்ணைக்காரரின் பெயர்

டோனா டார்ட்டின் 'தி சீக்ரெட் ஹிஸ்டரி' நாவலில் கொலை செய்தது யார் என்ற மர்மமே கிடையாது. முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுகிறார்கள். எட்மண்ட் என்ற மாணவன் செத்துவிட்டான், கொன்றது அவனுடைய நண்பர்கள், கதை சொல்லும் ரிச்சர்டும் அவர்களில் ஒருவன். (நண்பர்கள் அவனைக் கூப்பிடுவது 'பன்னி' என்று. தமிழில் எழுதினால் வசவாகிவிடும், அதனால் எட்மண்ட் என்றே வைத்துக்கொள்வோம்.) மீதிப் பக்கங்கள் எல்லாம் 'ஏன்' என்பதற்குத்தான்.

1992இல் வந்த இந்த நாவலை நான் முதலில் படித்தது இன்ஜினியரிங் ஹாஸ்டலில். முப்பதைத் தாண்டிய பிறகு போன மாதம் மறுபடி படித்தேன். அன்றைக்குத் தோன்றாத ஒரு கேள்வி இப்போது தோன்றியது. எட்மண்ட் இரண்டாவதாகச் செத்தவன்தானே. முதலில் செத்தவர் பெயர் என்ன?

அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்தில் ஹாம்ப்டன் என்ற கற்பனைக் கல்லூரி. அங்கே ஜூலியன் என்ற பேராசிரியரிடம் கிரேக்கம் படிக்கும் சிறு கூட்டம். பழைய கிரேக்கர்களின் டயோனிசஸ் சடங்கை நிஜமாகவே செய்து பார்க்க ஹென்றியும் இன்னும் மூன்று பேரும் இரவில் காட்டுக்குள் போகிறார்கள். சன்னதம் வந்த நிலையில் ஒரு மனிதரைக் கொன்றுவிடுகிறார்கள். அன்று உடன் போகாத எட்மண்டுக்கு விஷயம் தெரிந்துவிடுகிறது. வெளியே சொல்லிவிடுவான் என்ற பயத்தில் அவனை மலைச்சரிவில் தள்ளிவிடுகிறார்கள்.

தள்ளுவதற்கு முன்னால் டார்ட் ஒரு வேலை செய்கிறார். எட்மண்டை நமக்குப் பிடிக்காமல் ஆக்குகிறார். ரிச்சர்டை விலையுயர்ந்த ஓட்டலுக்குச் சாப்பிடக் கூட்டிப்போவான், பில் வந்ததும் கையில் காசிருக்காது. ஹென்றியின் செலவில் ரோம் போய்வருவான். யாருக்கு எங்கே வலிக்குமோ அங்கே பார்த்துக் குத்துவான். கலிபோர்னியாவில் பெட்ரோல் பங்க் நடத்தும் அப்பாவை மறைத்துப் பணக்கார வேஷம் போடும் ரிச்சர்டுக்கு அந்தக் குத்து நன்றாகவே வலிக்கும். ஹாஸ்டலில் படித்தபோது, இவன் செத்தாத்தான் என்ன என்று எனக்கே தோன்றியது. அவன் விழுந்தபோது மூச்சு விட்டேன்.

நாவல்தானே, அதில் ஒருத்தனைப் பிடிக்காமல் போனால் என்ன தப்பு என்று கேட்கலாம். தப்பில்லைதான். ஆனால் அந்த நால்வரும் ரிச்சர்டும் செய்வதும் இதையேதான். கொலைக்குக் காரணம் பயம். வெறும் பயத்தை வைத்துக்கொண்டு நண்பனைத் தள்ள முடியாது, கை நடுங்கும். 'அவன் அப்படிப்பட்டவன்' என்ற பட்டியல் கையில் இருந்தால் நடுக்கம் குறையும். அந்தப் பட்டியலை அவர்களோடு சேர்ந்து நானும் எழுதிக்கொண்டிருந்தேன்.

முதலில் செத்தவருக்கு இந்தப் பட்டியல்கூடத் தேவைப்படவில்லை. எட்மண்டைக் கொல்ல அவர்களுக்கும் நமக்கும் அத்தனை பக்கங்கள் வேண்டியிருந்தன. அவன் காணாமல் போனதும் ஊரே தேடுகிறது, எஃப்.பி.ஐ. வருகிறது, பிறகு பெரிய சாவுச் சடங்கு நடக்கிறது. முதலில் செத்தவர் கோழிப்பண்ணை வைத்திருந்தவர். அவருக்குக் கிடைப்பது பத்திரிகையில் ஒரு செய்தி. அந்த இரவைப் பற்றி ஹென்றி ரிச்சர்டிடம் சொல்லும்போது சடங்கு பலித்த பரவசம் இருக்கிறது, மாட்டிக்கொள்ளாமல் தப்பும் கணக்கு இருக்கிறது. இறந்தவரின் வீட்டில் யார் இருந்தார்கள் என்று ரிச்சர்டுக்குக் கேட்கத் தோன்றவில்லை. எனக்கும்தான் தோன்றவில்லை.

அந்தச் சாவைச் செரிக்க முடியாமல் தவித்தது எட்மண்ட் ஒருவன்தான் என்று இப்போது படும்போது சங்கடமாக இருக்கிறது. தன்னைச் சேர்த்துக்கொள்ளவில்லை என்ற கோபமும் அதில் கலந்திருந்தது, மறுக்கவில்லை. ஆனாலும் குத்தலாகவாவது அதைத் திரும்பத் திரும்பப் பேசியவன் அவன். கிரேக்கத் துன்பியல் நாடகங்களை மூலத்தில் படித்த மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள்.

நான் இரண்டாம் வருடம் படிக்கும்போது, எங்கள் கல்லூரியில் புது பிளாக் கட்டிக்கொண்டிருந்த ஒருவர் சாரத்திலிருந்து விழுந்து இறந்தார். யாரோ கொத்தனாராம் என்றார்கள். அன்று இரவு மெஸ்ஸில் நாங்கள் பேசியது, மறுநாள் இன்டர்னல் தேர்வு தள்ளிப்போகுமா என்பதைத்தான். தள்ளிப்போகவில்லை. அதே வருடம் பைக் விபத்தில் ஒரு சீனியர் இறந்தபோது மூன்று நாள் கல்லூரி மூடியிருந்தது, நானும் அழுதேன். அவரோடு நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் அவர் எங்களில் ஒருவர்.

யாரையும் நாங்கள் வெறுக்கவில்லை. வெறுப்பதற்குக்கூட ஒரு ஆளைக் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

நாவலை முடித்த பிறகு அந்தப் பத்திரிகைச் செய்தியைத் தேடித் திரும்பிப் போனேன். இருந்தது. ஹாரி ரே மக்ரீ. டார்ட் அவருக்கு ஒரு முழுப்பெயர் கொடுத்திருக்கிறார், நான்தான் இரண்டு முறையும் தாண்டிப் போயிருக்கிறேன். கொத்தனாரின் பெயரைத் தேட அப்படித் திரும்பிப் போவதற்கு என்னிடம் ஒரு பக்கமும் இல்லை.