பார்த்ததற்கும் தொட்டதற்கும் நடுவில்

யூனிக்ஸ் வம்சத்துக் கம்ப்யூட்டர்களில் 'டெம்ப்' என்று ஒரு டைரக்டரி உண்டு. தெருத் திண்ணை மாதிரி. கணக்கு உள்ள எவனும் அங்கே எதையும் வைக்கலாம். அடுத்தவன் வைத்ததை எடுக்கக்கூடாது, அவ்வளவுதான். இப்படிப்பட்ட இடத்தில் குப்பை சேரும் என்பதால், ராத்திரி வேளையில் ஒரு வேலைக்காரன் வந்து பெருக்கிவிட்டுப் போகும்படி ஏற்பாடு செய்துவைப்பது நிர்வாகிகளின் பழைய வழக்கம். வேலைக்காரன் என்று நான் சொல்வது ஒரு கட்டளை வரியை. 'ஃபைண்ட்' என்ற கருவி பழைய ஃபைல்களைத் தேடும், அகப்பட்டதன் பாதையை 'ஆர்எம்' என்ற கருவியிடம் சொல்லும், அது அழிக்கும். பெருக்குகிறவனுக்கு எந்த மூலையிலும் தடை இருக்கக்கூடாது என்பதற்காக இந்த வேலை 'ரூட்' என்ற சர்வாதிகாரியின் பெயரில் நடக்கும்.

இதில் என்ன விபரீதம் நேரமுடியும் என்பதற்கு குனு ஃபைண்டின் கையேட்டிலேயே ஒரு உதாரணம் இருக்கிறது. ஒருவன் திண்ணையில் தனக்கென்று ஒரு டைரக்டரி வைத்து, அதற்குள் 'பாஸ்வேர்ட்' என்ற பெயரில் (யூனிக்ஸ்காரர்கள் பாதி எழுத்துகளை விழுங்கிவிட்டு எழுதுவார்கள்) ஒரு ஃபைலைப் போட்டுவைக்கிறான். ஃபைண்ட் அதைப் பார்க்கிறது. அழிக்கத் தக்கதுதான் என்று முடிவுசெய்கிறது. ஆர்எம் வந்து சேர்வதற்குள் அந்த ஆள் தன் டைரக்டரியின் பெயரை மாற்றிவிட்டு, பழைய பெயரில் 'இடிஸி'யை நோக்கி ஒரு கைகாட்டியை, அதாவது ஒரு ஸிம்பாலிக் லிங்க்கை, நட்டுவிடுகிறான். பாதை எழுத்துக்கு எழுத்து அதேதான். ஆர்எம் அந்தப் பாதையில் நடந்துபோய், இயந்திரத்தில் யார் யாருக்குக் கணக்கு உண்டு என்ற பட்டியலை அழித்துவிடுகிறது.

இங்கே பொய் சொன்னது யார்? ஃபைண்ட் பார்த்தது உண்மை. ஆர்எம் தனக்குச் சொல்லப்பட்டதைச் செய்தது. தாக்கியவனும், கவனித்துப் பார்த்தால், தன்னுடைய டைரக்டரிக்குப் பெயர் மாற்றியிருக்கிறான், தன்னுடைய கைகாட்டியை நட்டிருக்கிறான். இரண்டும் அவனுக்கு அனுமதிக்கப்பட்டவை. தனித்தனியாக எடுத்தால் குற்றமற்ற செயல்கள் ஒரு வரிசையில் வந்து விழும்போது நாசம் விளைகிறது. தொழில்நுட்பக்காரர்கள் இதைப் 'பந்தய நிலை' என்று சொல்லிவிட்டு மேலே போய்விடுகிறார்கள். எனக்கு அப்படிப் போகமுடியவில்லை.

இந்தக் கோளாறின் மூத்த வடிவம் இன்னும் வெளிப்படையானது. டென்னிஸ் ரிட்ச்சி கண்டுபிடித்து, 1979இல் அமெரிக்கப் பேட்டன்ட் பெற்ற 'ஸெட்யுஐடி' ஏற்பாட்டின்படி, ஒரு சாதாரண ஆள் ஓட்டும் புரோகிராம் அதன் சொந்தக்காரனுடைய அதிகாரத்தோடு ஓடும். ஆகவே அது நின்று யோசிக்கவேண்டியிருக்கிறது: என்னால் முடியும், சரி, என்னை ஏவியவனுக்கு இதைத் தொட உரிமை உண்டா? இப்படிக் கேட்பதற்கென்றே 'ஆக்ஸெஸ்' என்ற அழைப்பு இருக்கிறது. உண்டு என்று பதில் வந்தால் 'ஓப்பன்'. கேட்டதும் திறந்ததும் இரண்டு செயல்கள். நடுவில் பெயர் வேறொன்றைச் சுட்டத் தொடங்கிவிடலாம். லினக்ஸ் கையேட்டில் ஆக்ஸெஸுக்கு உரிய பக்கத்திலேயே, இந்தக் காரியத்துக்காக இதைப் பயன்படுத்தினால் பாதுகாப்பில் ஓட்டை விழும், தவிர்ப்பது நல்லது என்று எழுதியிருக்கிறது. தன்னை உபயோகிக்காதே என்று தானே சொல்லும் பொருளை, சிகரெட் பெட்டிக்கு அப்புறம், நான் இங்கேதான் பார்க்கிறேன்.

இடைவெளி எவ்வளவு சிறியது, அதற்குள் நுழைய யாரால் முடியும் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஒழுக்கத்தை ஸ்டாப்-வாட்ச் வைத்து அளக்கும் இந்தக் கேள்விக்கு ஒரு பதில் நடந்தே முடிந்திருக்கிறது. 2004இல் டீன், ஹூ என்ற இருவர், அன்று எல்லா யூனிக்ஸுக்கும் பொதுவாயிருந்த அழைப்புகளைக்கொண்டு ஆக்ஸெஸ்-ஓப்பன் இடைவெளியை நிச்சயமாக மூடமுடியாது என்று நிறுவினார்கள். நிச்சயம் இல்லாவிட்டால் போகிறது, சாத்தியக்கூறாவது நம் பக்கம் இருக்கட்டும் என்று ஒரு வழியும் சொன்னார்கள்: கேள், திற, மறுபடி கேள், மறுபடி திற, ஒவ்வொரு தடவையும் கைக்கு வந்தது ஒரே ஃபைல்தானா என்று ஒப்பிட்டுப் பார். ஏமாற்றுகிறவன் எல்லாப் பந்தயங்களிலும் ஜெயித்தாகவேண்டும். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. மறு வருஷமே பொரிஸொவும் வேறு மூவரும் அதை உடைத்துக் காட்டினார்கள். அவர்கள் வேகமாக ஓடவில்லை. டைரக்டரிக்குள் டைரக்டரியாக ஆழமாக அடுக்கி, அடுக்குகளைக் கைகாட்டிகளால் கோத்து ஒரு மாயக்கோட்டை கட்டினார்கள். பாதை அதற்குள்ளே போயிற்று. கர்னல் ஒவ்வொரு படியையும் டிஸ்க்கிலிருந்து எடுத்துவந்தாகவேண்டும். எடுத்துவரும்வரை புரோகிராம் காத்துக்கிடக்கும். அது கோட்டையின் எந்தப் பகுதிக்குள் நுழைந்திருக்கிறது என்பதை அங்குள்ளது கடைசியாக எப்போது வாசிக்கப்பட்டது என்ற குறிப்பே தாக்குகிறவனுக்குக் காட்டிக்கொடுத்தது. ஆகவே, இடைவெளியின் நீளம் சோதிக்கிறவன் கையில் இல்லை. சிறியது என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான், அவ்வளவுதான்.

ரஸ்ட் என்ற மொழியின் ரசிகர்களுக்கு அதன் பத்திரத்தன்மையில் அபாரப் பெருமை. 2015இன் 1.0 முதல் 1.58.0 வரை அதன் நூலகத்திலும் டைரக்டரியை முழுதாக அழிக்கும் வேலையில் இதே ஓட்டை இருந்தது. கைகாட்டியா என்று சோதனைகூட இருந்தது, சோதனைக்கும் அழிப்புக்கும் நடுவில் இடமும் இருந்தது. 2022 ஜனவரியில்தான் அடைத்தார்கள்.

விஷயம் பெயரில் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. 1905இல் ரஸ்ஸல் எழுதிய கட்டுரையில் வரும் பிரான்ஸின் தற்போதைய அரசனைப்போல, பாதை என்பது பெயர் வேஷத்தில் இருக்கும் ஒரு விவரணை: 'டெம்ப் என்பதற்குள் இன்னது என்று அழைக்கப்படுவதற்குள் இன்னது என்று அழைக்கப்படுவது எதுவோ அது.' சொல்லும் ஒவ்வொரு தடவையும் உலகம் புதிதாகத் தேடப்படுகிறது. நேற்று அதற்குப் பொருந்தியவன் இன்று இல்லாமல் போகலாம். ஒரு பொருளைத் திறந்துவிட்டாலோ, கர்னல் ஒரு சிறு எண்ணைக் கையில் கொடுக்கிறது. வெளியே என்ன பெயர் மாறினாலும் அந்த எண் அந்தப் பொருளையே பிடித்திருக்கும். இதற்குப் போய் டிஸ்கிரிப்டர் என்று பெயர் வைத்தார்கள்! மொத்த ஏற்பாட்டிலும் விவரணை அல்லாதது இது ஒன்றுதான். 2008ஆம் வருஷத்து போஸிக்ஸ் தர நிர்ணயத்தில் சேர்ந்த 'ஓப்பன்அட்', 'அன்லிங்க்அட்' முதலிய அழைப்புகளின் தத்துவம் இதுவே: டைரக்டரியை முதலில் பிடித்துக்கொள், பிடித்ததிலிருந்து ஒரு படி கீழே இறங்கு, வழியைத் திரும்ப ஓதாதே. மேலே ஏறும்போதும் பிடி விடக்கூடாது. 2002இல் குனு ஆர்எம்மில் தெரியவந்த கோளாறு அந்த ரகம்தான். அது ஒரு டைரக்டரிக்குள் இறங்கியிருக்கையில் அதை அப்படியே பெயர்த்து மேலே கொண்டுபோய் வைத்துவிட்டால், 'இரண்டு புள்ளி' வழியாகத் திரும்பும் ஆர்எம் வேறு வீட்டுக் கூடத்தில் வந்து நின்று அங்கே அழிக்கத் தொடங்கும்.

பிடித்துவிட்டுக் கேள் என்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. சில பொருள்களைத் திறப்பதே ஒரு செயல். டேப் கருவியைத் திறந்தால் நாடா சுற்றிக்கொள்ளலாம். ஃபிஃபோ என்ற குழாயைத் திறந்தால் மறுமுனையில் ஆள் வரும்வரை நிற்க நேரலாம். தொடாமல் அறிந்தது நிற்பதில்லை. தொட்டு அறிந்தாலோ ஏற்கனவே தலையிட்டாயிற்று. லினக்ஸ் 2011இல் 'ஓ-பாத்' என்று, திறக்காமல் பிடிமட்டும் தரும் ஒரு வழியைச் சேர்த்தது. தத்துவவாதிகள் இதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

குற்றம் யாருடையது என்ற கேள்வி நிற்கிறது. 1988இல் நார்ம் ஹார்டி எழுதிய சிறு கட்டுரையில் ஒரு கம்பைலர் வருகிறது. தன் சொந்த டைரக்டரியில் எழுத அதற்கு உரிமை. ஒரு பயனாளி, தன் வெளியீட்டை வைக்கச்சொல்லி அங்கிருந்த கட்டணக் கணக்கு ஃபைலின் பெயரைக் கொடுக்கிறான். கம்பைலர் அதன்மேல் எழுதிக் கணக்கை நாசம் செய்கிறது. இங்கே பந்தயம் எதுவும் இல்லை. ஆனாலும் நோய் ஒன்றுதான்: பெயர் ஒருவனிடமிருந்து வருகிறது, அதிகாரம் வேறொருவனிடமிருந்து வருகிறது, நடுவிலிருப்பவன் இரண்டையும் சேர்த்துவிடுகிறான். தந்திரம் செய்தவனைத் தூக்கிலிடு என்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் கடன் வாங்கிய அதிகாரத்தோடு அடுத்தவன் வாசலுக்குப் போகிறவன், 'நான் சோதித்துப் பார்த்தேனே' என்று சொல்லித் தப்பமுடியாது. அவனுடைய சோதனை பெரும்பாலும் பொருளை அறிவதற்காக நடப்பதில்லை. பின்னால் சொல்லிக்கொள்வதற்காக நடக்கிறது. ஆபீஸ் கோப்புகளில் 'சரிபார்க்கப்பட்டது' என்று முத்திரை குத்துவதைப்போல. பலமுள்ளவன்மேல்தான் பாரம் விழும் என்றே நினைக்கிறேன். பெயரை மாற்றமுடிந்தவனுக்கு அது ஒரு டைரக்டரி, ரூட்டுக்கோ முழு இயந்திரமும்.

2012 முதல் லினக்ஸ் கர்னலில், திண்ணையில் அந்நியன் நட்ட கைகாட்டியைப் பின்தொடர மறுக்கும் ஒரு விதி இருக்கிறது. மேலே சொன்ன உதாரணம் அந்த விதி அமலில் உள்ள இயந்திரங்களில் பலிக்காது. கைகாட்டியை ஒரு படி உள்ளே, தன் சொந்த டைரக்டரிக்குள் நட்டால் பலிக்கும். அதற்கு ஃபைண்டுக்குள்ளேயே இருக்கும் 'டிலீட்' போன்ற, பிடியோடு இறங்கும் வழிகள்தான் மருந்து.

அந்த மருந்துக்குப் பிறகும் கடைசியில் ஒரு மயிரிழை மிஞ்சுகிறது. லினக்ஸில் ஒரு ஃபைலைக் கையில் பிடித்துக்கொண்டு 'இதை அழி' என்று சொல்ல வழியில்லை. அழிப்பு எப்போதும் பெயருக்கே. இந்த டைரக்டரியில் இந்தப் பெயரை நீக்கு என்றுதான் சொல்லமுடியும். பொருளோ, வேறு பெயரோ திறந்துவைத்திருக்கும் கையோ மிஞ்சியிருக்கும்வரை உயிரோடிருக்கும். ஆகவே பெருக்குகிறவன் டைரக்டரியை எவ்வளவு கெட்டியாகப் பிடித்திருந்தாலும், ஃபைல் பழையது என்று அவன் பார்த்த கணத்துக்கும் பெயரை நீக்கும் கணத்துக்கும் நடுவில், சொந்தக்காரன் அதே பெயரில் இப்போதுதான் எழுதி முடித்த ஒன்றை வைத்துவிடலாம். அது போய்விடும். 'இடிஸி' பிழைத்துக்கொள்ளும், போவது அவனுடைய ஃபைல் மட்டும்தான்.