அண்டை வீட்டாரின் வழிபாடு

பழைய டில்லியில் செங்கோட்டைக்கு எதிரே தொடங்கி, மேற்கே ஃபதேபுரி பள்ளிவாசலில் சென்று முடிகிறது சாந்தினி சௌக் என்னும் கடைவீதி. ஷாஜஹானின் மகள் ஜஹானாரா 1650-ஆம் ஆண்டளவில் அமைத்தது. முதன்முறையாக அங்கு வரும் யாத்திரிகர் ஒருவர், ஒரு நாழிகை நடைக்குள் திகம்பர சமணர் கோயில், கௌரி சங்கரர் ஆலயம், பாப்டிஸ்ட் தேவாலயம், சீஸ்கஞ்ச் குருத்வாரா, சுனேரி பள்ளிவாசல் ஆகிய அனைத்தையும் கண்டுவிடுகிறார். ஓரிடத்தில் மணியோசை, சில அடி கடந்தால் கீர்த்தனை, அது ஓயுமுன் பாங்கொலி. ‘எல்லா மதங்களும் ஒன்றே என்பதற்கு இத்தெருவே சாட்சி’ என்று அவர் உள்ளம் நெகிழ்வது இயல்பு.

ஆனால் அத்தெரு உண்மையில் அவ்வாறா கூறுகிறது?

சமணர் கோயில் வளாகத்தில் பறவைகளுக்கென ஒரு மருத்துவமனை இயங்குகிறது. பட்டத்து நூலில் சிறகு அறுபட்ட புறாக்களையும், வெயிலில் மயங்கி விழுந்த கிளிகளையும் அங்கே கொண்டுவருகிறார்கள். கொண்டுவருபவர் எம்மதத்தார் என்று எவரும் கேட்பதில்லை. பருந்து போன்ற ஊன் உண்ணும் பறவைகளுக்கும் சிகிச்சை உண்டு. எனினும் அவற்றை உள்ளே தங்கவைப்பதில்லை. காயத்துக்கு மருந்திட்டு அனுப்பிவிடுகிறார்கள். கொல்லாமை விரதத்தைச் சமணர் சிறிதும் தளர்த்திக்கொள்ளவில்லை. அதே சமயம் அடிபட்ட பருந்தை வாசலிலிருந்து விரட்டவும் இல்லை. தன் கொள்கையில் உறுதியும் பிறர்மேல் கருணையும் ஒருங்கே இருக்க முடியுமா என்று ஐயுறுவோர் இதனைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

சீஸ்கஞ்ச் குருத்வாரா இன்னும் ஆழமானதொன்றை உணர்த்துகிறது. சீக்கியரின் ஒன்பதாம் குருவான தேக் பகதூர், ஔரங்கசீப்பின் ஆட்சியில் 1675-ஆம் ஆண்டு சிரச்சேதம் செய்யப்பட்ட இடம் அது. கட்டாய மதமாற்றத்துக்கு அஞ்சிய காஷ்மீரப் பண்டிதர்கள் அவரிடம் அடைக்கலம் வேண்டி வந்தனர் என்றும், அவர்களுக்காகவே அவர் உயிரை ஈந்தார் என்றும் சீக்கிய மரபு போற்றுகிறது. அப்பண்டிதர்கள் அணிந்திருந்தது பூணூல். பூணூலையோ, சீக்கியரின் முதல் குருவான நானக் தாம் அணிய மறுத்தவர். தம் நெறி ஏற்காத ஓர் அடையாளத்தை மற்றவர் அணியும் உரிமைக்காகத் தலையைக் கொடுப்பது என்பது ‘எல்லாம் ஒன்றே’ என்ற எண்ணத்தில் பிறப்பதன்று. வேறுபாட்டை நன்கு அறிந்திருந்தும், அவ்வேறுபாடு வாழ வேண்டும் என்று விரும்பிய உள்ளம் அது. இன்றும் அங்கே லங்கர் என்னும் பொது உணவுக்கூடத்தில் தலையை மூடிக்கொண்டு தரையில் வரிசையாக அமர்ந்தால் போதும். யார், என்ன என்ற கேள்வியின்றி ரொட்டியும் பருப்பும் கைக்கு வருகின்றன.

குருத்வாராவை அடுத்திருப்பது சுனேரி பள்ளிவாசல். 1739-இல் டில்லியைச் சூறையாடிய நாதிர்ஷா, இங்கிருந்துதான் படுகொலைக்கு ஆணையிட்டான் என்பர். அன்று மாண்டவர்களில் இந்துக்களும் இருந்தனர், முஸ்லிம்களும் இருந்தனர். இத்தனை ரத்தம் சிந்திய தெருவில் இணக்கம் என்பது பழைய காயங்கள் மறந்துபோனதால் வந்ததன்று. வாசலில் பூ விற்பவரும், எதிரே தராசு பிடிப்பவரும், வெள்ளிக்கிழமை தொழுகைக்குக் கடையை அடைத்துச் செல்பவரும் நாள்தோறும் புதிதாகக் காத்துவரும் ஒன்று அது.

வீதியின் மேற்கு முனையில் நிற்கும் ஃபதேபுரி பள்ளிவாசல், ஷாஜஹானின் மனைவியரில் ஒருவரால் 1650-இல் கட்டப்பட்டது. 1857-ஆம் ஆண்டுப் புரட்சியை ஒடுக்கிய ஆங்கிலேயர் அதனை ஏலத்தில் விட்டனர். ரூபாய் 19,000-க்கு வாங்கியவர் லாலா சுன்னாமல் என்ற இந்து வணிகர். அக்காலத்தில் டில்லியின் எத்தனையோ கட்டடங்கள் தரைமட்டமாயின; இது இடிக்கப்படவில்லை. 1877-இல் அரசு நான்கு கிராமங்களை ஈடாகக் கொடுத்து மீட்டு, முஸ்லிம்களிடமே ஒப்படைத்தது. சுன்னாமல் மகானும் அல்லர், தியாகியும் அல்லர். ஆங்கிலேய ஆட்சியில் செழித்த செல்வர். எனினும் அன்று அந்நகரின் முஸ்லிம்கள் இருந்த கதியில், அப்பள்ளிவாசலை இடித்திருந்தால் அவரைத் தடுப்பாரும் இல்லை, கேட்பாரும் இல்லை. அயலார் தொழும் இடத்தைக் கட்டிக்காக்க அவர்தம் நம்பிக்கையில் பங்குகொள்ள வேண்டியதில்லை. பிறர் பொருள் தன் கையில் இருக்கும்போது அதைப் பாழாக்காத நேர்மை போதும். நல்லிணக்கம் பற்றிய மேடைப் பேச்சுகளில் இந்த எளிய நேர்மைக்கு உரிய இடம் கிடைப்பதில்லை.

இவ்விணக்கம் உடையாத ஒன்று என்றும் எவரும் எண்ணிவிட வேண்டாம். ஃபதேபுரியிலிருந்து சிறிது தொலைவே உள்ள ஹௌஸ் காஜிப் பகுதியில், 2019-ஆம் ஆண்டு ஜூன் மாத இறுதியில் ஓர் இரவு, வண்டி நிறுத்துவதில் எழுந்த சிறு தகராறு மதச்சண்டையாக மூண்டு, அங்கிருந்த துர்க்கை கோயில் சேதமடைந்தது. தலைமுறைகளாக அடுத்தடுத்து வாழ்ந்தவர்கள் கதவைச் சாத்திக்கொண்டனர். பின்னர் இரு சமயத்துப் பெரியவர்களும் அமைதிக் குழுவாகக் கூடிப் பேசினர். ஜூலையில் கோயில் சீரமைக்கப்பட்டு, புதிய திருவுருவங்கள் ஊர்வலமாக எடுத்துவரப்பட்டன. வழியில் முஸ்லிம் அன்பர்கள் நின்று, வந்தவர்களுக்கு உணவு வழங்கினர். அன்று காவலரும் பெருந்திரளாக நிறுத்தப்பட்டிருந்தனர்.