உணவை மறிப்பதும் ஊறே

அறநெறி பேணும் சிராவக சிராவகியரே!

நாம் அந்தி சாயுமுன் உண்கிறோம். நீரை வடிகட்டிப் பருகுகிறோம். இத்துடன் கொல்லா விரதம் நிறைவுற்றதாக எண்ணலாகாது. உமாசுவாமி முனிவர் தத்துவார்த்த சூத்திரத்தின் 7ஆம் அத்தியாயத்தில் அவ்விரதத்திற்கு 5 அதிசாரங்களைச் சுட்டுகிறார். அவை கட்டுதல், அடித்தல், உறுப்பை அறுத்தல், மிகுபாரம் ஏற்றுதல், உணவையும் நீரையும் மறித்தல் என்பன. இவற்றுள் ஐந்தாவதை இன்று சிந்திப்போம்.

பேயர் என்னும் அறிஞரின் பெயரால் வழங்கும் வாத்து ஒன்று உண்டு. ஆணின் தலை பசுமை கலந்த கருமை, கண் வெண்மை, மார்பு செம்பழுப்பு. நீரில் முக்குளித்து நீர்த்தாவரங்களையும் சிற்றுயிர்களையும் உண்ணும். ருசியாவின் கீழ்க்கோடியிலும் சீனத்திலும் குஞ்சு பொரித்துக் குளிர்காலத்தில் தெற்கே பறந்து, அஸ்ஸாம், மணிப்பூர் ஏரிகள் வரை வரும். வேட்டையாலும் சதுப்பு நிலங்களின் அழிவாலும் இவ்வினம் குன்றியது. 2012இல் இது அற்றுப்போகும் விளிம்பில் உள்ள இனமாக அறிவிக்கப்பட்டது. இதன் வருகைக்குப் பெயர்பெற்ற குவாஹாட்டியின் தீபோர் பீல் ஏரி 2002இல் ராம்சர் தலமாயிற்று. எனினும் அதன் அருகிலேயே நகரின் குப்பை மலையாய்க் குவிந்தது.

இவ்வாத்து வள்ளூர்ப் பக்கம் வருவதில்லை. ஆனால் அதன் துன்பம் இங்கும் உண்டு. வள்ளூரில் 1500 மெகாவாட் அனல் மின் நிலையம் இயங்குகிறது. அண்மையில் வேறு நிலையங்களும் உள. இவ்வட்டாரத்தில் குழாய்களிலிருந்து கசிந்த நிலக்கரிச் சாம்பல் கொசஸ்தலை ஆற்றில் படிந்து கழிமுகத்தை மேடாக்கியது. 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் பரவியபோது கூழைக்கடாக்களின் இறகுகள் கறுத்தன. எண்ணெய் படிந்த இறகு நீரைத் தடுக்காது. பறவை குளிரில் நடுங்கி இரை தேட இயலாது வாடும். மீனவரின் வலையும் வெறுமையாயிற்று.

"உணவை மறித்தல் என்பது நம் தொழுவத்து மாட்டுக்குச் சொன்னதன்றோ?" என்று வினவலாம். ஆம், உரைகாரர் அவ்வாறே விளக்குவர். ஆயினும் அக்கட்டளையின் காரணம் யாது? பிறிதோர் உயிரின் உணவு நம் கையில் அகப்பட்டிருப்பதே. முன்னாளில் தொழுவம் மட்டுமே நம் கையில் இருந்தது. இன்று ஆறும் ஏரியும் அகப்பட்டுள்ளன. கை நீண்ட அளவு கடமையும் நீளும்.

அந்த மின்னொளியில்தான் நம் இல்லங்களும் விளங்குகின்றன. நம் பிள்ளைகள் பலர் ஆலைகளில் பணிபுரிகின்றனர். ஆகவே பழியைப் பிறர் மேல் சுமத்தி ஒதுங்குதல் தகாது. அதற்காகத் தொழிலைத் துறக்கவும் வேண்டா. இல்லறத்தார்க்கு விதித்தது அணுவிரதமே. வீணே விளக்கும் விசிறியும் இயங்க விடுதல் அநர்த்த தண்டம், அதை நீக்குவோம். நம் ஊர் ஏரியில் குப்பை கொட்டோம். கொட்டுவாரைக் கண்டு வாளாவிரோம். ஆலை விரிவுக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்கும் கூட்டங்களில் நீர்வாழ் உயிர்களுக்காகவும் பேசுவோம். ஆலையில் பணிபுரிவோர் கசிவைக் கண்டால் மறையாது உரைப்பாராக.

5ஆம் தீர்த்தங்கரர் சுமதிநாதரின் இலாஞ்சனம், நம் திகம்பர மரபில், சக்கரவாகம். அதுவும் குளிர்காலத்தில் நம் நாட்டு நீர்நிலைகளை நாடி வரும் வாத்தினமே. அப்பெருமானை வணங்கும் நாம், அப்பறவைகள் வந்திறங்கும் நீரைத் தூய்மையாய் விட்டுவைப்பதும் வழிபாடேயாகும்.

அறம் வளர்க!