பெறும் விருப்பமும் வழங்கும் விருப்பமும்: கபாலா பயில்வோரின் முதல் கேள்விகள்

யூத சமயத்தின் மறைஞான மரபான கபாலாவைப் படிக்கத் தொடங்குகிறவர்கள் மரபின் பழைய நூல்களைத் திறக்கும்போது பெரும்பாலும் செஃபிரோத் எனப்படும் இறைவனின் பத்து வெளிப்பாடுகள், உலகங்களின் அடுக்கு, எழுத்துகளின் கணக்கு ஆகியவற்றையே எதிர்கொள்வார்கள். பிறர்நலம் அங்கே இல்லாமலில்லை. சஃபேத் நகரின் மோசே கோர்தொவேரோ (1522–1570) இறைவனின் இரக்கக் குணங்களை மனிதன் எப்படித் தன் நடத்தையில் பின்பற்றலாம் என்று விளக்க ஒரு சிறு நூலே எழுதினார். அவருக்குப் பின் அதே ஊரில் கற்பித்த ஐசக் லூரியா (1534–1572), காலை வழிபாட்டுக்கு முன் அயலானைத் தன்னைப்போல் நேசிக்கும் கட்டளையை ஒவ்வொருவரும் மனத்தில் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று பழக்கப்படுத்தினார். ஆனாலும் அந்த நூல்களில் பிறர்நலம் பல பொருள்களுள் ஒன்றுதான். அதையே முழு மரபின் அச்சாக்கியவர் 20ஆம் நூற்றாண்டின் ரபி யெஹுதா அஷ்லக்.

அஷ்லக் 1885இல் போலந்தின் வார்சாவில் பிறந்தார். 1920களின் தொடக்கத்தில் எருசலேமுக்குக் குடிபெயர்ந்தார். கபாலாவின் மூலநூலான சோஹருக்கு அவர் எழுதிய உரையின் பெயர் ‘சுலாம்’, அதாவது ஏணி. அதனாலேயே அவரை ‘ஏணியின் ஆசிரியர்’ என்கிறார்கள். லூரியாவின் போதனையை விரித்துரைக்கும் ‘பத்து செஃபிரோத் கல்வி’ அவருடைய இன்னொரு பெரிய நூல். இவை இரண்டும் கடினமானவை. தொடக்க நிலை மாணவர்கள் பெரும்பாலும் நுழைவது 1933இல் அவர் எளிய நடையில் வெளியிட்ட கட்டுரைகளின் வழியாகத்தான். 1954இல் அவர் இறந்த பின் மகன் பாருக் ஷாலோம் அஷ்லக் (1907–1991) பினே பிராக் நகரில் கற்பித்தலைத் தொடர்ந்தார். இன்று உலகின் பல பாகங்களில் நடக்கும் கபாலா வகுப்புகளில் கணிசமானவை ஏதோ ஒரு வகையில் இவர்களிடமிருந்து கிளைத்தவை.

அஷ்லக் எல்லாவற்றையும் இரண்டு விருப்பங்களாகச் சுருக்குகிறார். படைத்தவனின் இயல்பு வழங்குவது. வழங்க வேண்டுமானால் வாங்க ஒருவர் வேண்டும். எனவே அவன் படைத்தது ‘பெறும் விருப்பம்’ என்ற ஒன்றை மட்டுமே. கல், செடி, விலங்கு, மனிதன் எல்லாம் அந்த ஒரே விருப்பத்தின் கூடிய, குறைந்த அளவுகள். இதைக் கேட்டதும் எழும் முதல் கேள்வி மிக இயல்பானது: மனிதர்கள் கொடுக்கத்தானே செய்கிறார்கள்? தாய் கொடுக்கிறாள், முகம் தெரியாத பிச்சைக்காரருக்கு வழிப்போக்கர் காசு போடுகிறார். இவையெல்லாம் எந்தக் கணக்கு?

அஷ்லக்கின் விடை கடுமையானது. மனிதன் தனக்கு எந்தப் பலனும் இல்லாமல் விரலைக்கூட அசைக்க மாட்டான் என்கிறார். பிச்சை போட்டவர் தம் மனம் படும் வேதனையைத் தணித்துக்கொண்டார். அல்லது நல்லவர் என்ற நிறைவை வாங்கிக்கொண்டார். செயல் கொடுப்பதாக இருக்கலாம், உள்நோக்கம் பெறுவதாகவே இருக்கிறது. இதனால் அந்தச் செயல் பயனற்றது என்று அவர் சொல்லவில்லை. பசித்தவர் வயிறு நிறைந்தது உண்மை. ஆனால் கொடுத்தவரின் உள்ளே எதுவும் மாறவில்லை. ஆன்மிக வளர்ச்சி என்று கபாலா சொல்வது அந்த உள்மாற்றத்தை மட்டுமே. மனிதச் செயல் அனைத்துக்கும் தன்னலமே ஊற்று என்ற இந்த உளவியல் கருத்து ஐரோப்பியத் தத்துவத்திலும் நெடுங்காலம் வாதிக்கப்பட்டது. அதை மறுப்பவர்களும் ஏராளம். ஒருவர் எதை விரும்பினாலும் அது அவருடைய விருப்பம் என்பதாலேயே அது தன்னலமாகிவிடாது என்ற மறுப்புக்கு அஷ்லக்கின் கட்டுரைகளில் நேரடி விடை கிடைப்பதில்லை. அவர் அதைத் தத்துவ வாதமாக முன்வைக்கவில்லை, ஒவ்வொருவரும் தம்மையே கவனித்துச் சரிபார்க்க வேண்டிய நோயறிதலாக வைக்கிறார்.

இதில் இறைவன் எங்கே வருகிறான் என்பது அடுத்த கேள்வி. இடத்தில் இருக்கும் பொருள்கள் தூரத்தால் பிரிகின்றன. ஆன்மிகத்தில் தூரம் என்பது குணவேறுபாடு. அருகருகே அமர்ந்த இருவர் வெறுப்பால் உலகத்தின் இரு முனைகளில் இருக்கலாம். அதேபோல, வழங்க மட்டுமே தெரிந்த ஒன்றும் பெற மட்டுமே தெரிந்த ஒன்றும் முழுத் தொலைவில் நிற்கின்றன. மனிதன் வழங்கும் குணத்தைப் பெற்ற அளவுக்கு இறைவனை நெருங்குகிறான். இந்த ‘வடிவ ஒப்புமை’யே அஷ்லக்கின் மொழியில் இறைவனோடு ஒட்டிக்கொள்ளுதல். இதன் வேர் பழையது. எரியும் நெருப்பான இறைவனோடு மனிதன் எப்படி ஒட்டிக்கொள்ள முடியும் என்று யூதச் சட்ட மரபின் தொகுப்பான தல்மூத் கேட்டு, அவன் குணங்களைப் பின்பற்றி ஆடையில்லாதவருக்கு ஆடை கொடுப்பதும் நோயுற்றவரைப் போய்ப் பார்ப்பதுமே வழி என்று விடை சொல்கிறது.

அப்படியானால் வழங்கும் குணத்தோடேயே மனிதனைப் படைத்திருக்கலாமே? இங்கே அஷ்லக் மரபிலிருந்து ‘வெட்கத்தின் அப்பம்’ என்ற கருத்தை எடுக்கிறார். பிறர் சோற்றை உண்பவன் அவர் முகத்தைப் பார்க்கக் கூசுகிறான் என்ற கருத்து எருசலேம் தல்மூத்தில் உள்ளது. 18ஆம் நூற்றாண்டில் மோசே ஹயிம் லுசாத்தோ அதைப் படைப்பின் நோக்கத்தை விளக்கப் பயன்படுத்தினார். இலவசமாக வந்த நிறைவில் கூச்சம் கலந்திருக்கும், எனவே மனிதன் தானே உழைத்து அதை அடைய இடம் விடப்பட்டது என்பது வாதம். அஷ்லக் இதை விருந்தாளி கதையாகச் சொல்கிறார். பசியோடு வந்தவருக்கு வீட்டுக்காரர் இலை நிறையப் பரிமாறுகிறார். வாங்கி உண்ணக் கூசி விருந்தாளி மறுக்கிறார். வீட்டுக்காரர் வற்புறுத்தி, நீங்கள் சாப்பிடாவிட்டால் எனக்கு வருத்தம் என்கிறார். தாம் உண்பதில்தான் அவர் மகிழ்ச்சி இருக்கிறது என்பது தெரிந்ததும் விருந்தாளி அவருக்காகவே உண்ணத் தொடங்குகிறார். சோறும் பசியும் மாறவில்லை. ஆனால் பெறுதலே வழங்குதலாகிவிட்டது.

ஆசைகளை அடக்கி ஒடுக்க வேண்டுமா என்ற கேள்விக்கும் இந்தக் கதையில் விடை இருக்கிறது. பசியே இல்லாத விருந்தாளியால் வீட்டுக்காரரை மகிழ்விக்க முடியாது. ஆகவே விருப்பம் அழிக்கப்பட வேண்டியதில்லை. அது யாருக்காக என்ற நோக்கம்தான் மாற வேண்டும். முதலில் மறுத்த அந்தக் கணத்தை ‘திரை’ என்கிறார்கள். லூரியா சொன்ன முதற்சுருக்கம், அதாவது ஒளி பின்வாங்கி வெற்றிடம் உண்டானது என்ற அண்டவியல் நிகழ்வு, அஷ்லக்கிடம் ஒரு மனநிகழ்வின் மூலப்படிவம் ஆகிறது. பிரபஞ்சத் தோற்றத்தைப் பற்றிய கதையை இப்படி ஒவ்வொரு அடியிலும் விருப்பத்தின் இலக்கணமாகப் படித்தது அவருடைய தனிச்சிறப்பு. சஃபேத் ஞானிகளின் வாழ்வில் நோன்பும் உடலை வருத்தும் கழுவாய்களும் நிறைய உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும். துறவுக்கு இடமில்லாத மரபு என்று இன்றைய அறிமுக நூல்கள் சொல்வது அஷ்லக்குக்குப் பொருந்தும், முழுக் கபாலாவுக்கும் பொருந்தாது.

இனி வருவதுதான் உண்மையான முடிச்சு. ஆன்மிக வளர்ச்சி வேண்டும் என்று ஒருவர் வகுப்பில் சேர்வதே பெறும் விருப்பத்தால்தான். பணம், மதிப்பு, அறிவு ஆகியவற்றைக் கேட்ட அதே மனம் இப்போது மேலுலகத்தைக் கேட்கிறது. அது முன்னதைவிடப் பெரிய பேராசை என்று அஷ்லக் தயங்காமல் சொல்கிறார். தன்னலத்தை விட விரும்புவதும் தன்னலம்தான் என்றால் வெளியே வர வாசல் எது? சிறையின் கதவு உள்ளிருப்பவரின் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது.

மரபின் விடை இரண்டு படிகளில் வருகிறது. முதல் படி தல்மூத்தின் பழைய தளர்வு: தூய நோக்கம் இல்லாமலும் தோரா என்னும் மறைநூலைப் படிப்பதிலும் கட்டளைகளை நிறைவேற்றுவதிலும் ஈடுபடலாம், ஏனெனில் தூய்மையற்ற நோக்கத்திலிருந்து தூய நோக்கத்துக்கு வந்துசேர முடியும். தன்னலத்தோடு தொடங்குவது குற்றமில்லை. வேறு எதனோடும் தொடங்க யாரிடமும் ஒன்றும் இல்லை. இரண்டாம் படிதான் அஷ்லக்கின் போதனையில் மையமானது. மனிதன் தன் இயல்பைத் தானே மாற்ற முடியாது. படிப்பில் உள்ள ஒளி அவனை நன்மைக்குத் திருப்புகிறது என்று மித்ராஷ் எனப்படும் பழைய மறைநூல் உரைகளில் ஒரு கருத்து உண்டு. அதைப் பற்றிக்கொண்டு, புரிந்தாலும் புரியாவிட்டாலும், மாற வேண்டும் என்ற ஏக்கத்தோடு படிப்பவரை ஆன்மாவைச் சூழ்ந்த ஒளி சிறிது சிறிதாகத் திருத்துகிறது என்கிறார். மாணவரின் வேலை முயல்வது, தோற்பது, தோல்வியை உணர்ந்து உதவி கேட்பது. அந்தக் கேட்பே வழிபாடு.

நோயறிதலில் இருந்த கூர்மை மருந்தில் இல்லை என்று படிப்பவருக்குத் தோன்றினால் அது நியாயமே. ஒளி வேலை செய்ததா என்று வெளியிலிருந்து சோதிக்க வழியில்லை; செய்யவில்லை என்றால் ஏக்கம் போதவில்லை என்ற விடை எப்போதும் தயாராக இருக்கிறது.

இந்தக் குறையை ஓரளவு ஈடுகட்டுவது அயலான் பற்றிய போதனை. ஒற்றைக்காலில் நிற்கும் நேரத்தில் முழுத் தோராவையும் கற்றுத்தரக் கேட்டவரிடம், உனக்கு வெறுப்பானதை அயலானுக்குச் செய்யாதே என்பதே முழுச் சட்டம் என்ற பொருளில் பழங்கால யூத அறிஞர் ஹில்லேல் பதில் சொன்ன கதை தல்மூத்தில் உள்ளது. இறைவனை விட்டுவிட்டு ஏன் அயலானைச் சொன்னார் என்று அஷ்லக் கேட்கிறார். இறைவனுக்காகச் செய்கிறேன் என்று ஒருவர் தம்மை எளிதில் ஏமாற்றிக்கொள்ளலாம். அயலான் கண்முன் இருப்பவன். அவன் தேவை மாறிக்கொண்டே இருக்கும், அவனிடம் நன்றி வராமல் போகலாம், அவன் எரிச்சலூட்டலாம். தன் நோக்கம் எங்கே நிற்கிறது என்பது அவனிடம்தான் அம்பலமாகும். மகன் பாருக் ஷாலோம் இதையே நடைமுறையாக்கினார். ஒரே குறிக்கோளுடைய சிறு நண்பர் குழு, அதில் ஒவ்வொருவரும் மற்றவரைத் தம்மைவிட உயர்வாகக் கருதப் பழகுவது என்று 1980களில் தம் மாணவர்களுக்காக எழுதிய கட்டுரைகளில் விதிகள் வகுத்தார். தன்னை மறுத்துக் குழுவுக்குப் பணியும் இத்தகைய பழக்கம் தவறான கைகளில் என்ன ஆகும் என்பதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

‘அயலான்’ யார் என்பதில் அறிமுக வகுப்புகள் வேகமாகக் கடந்துபோகும் ஒரு சிக்கல் உண்டு. மைமோனிடிஸ் முதலான சட்ட அறிஞர்கள் அயலானை நேசிக்கும் கட்டளையைச் சக யூதரை நேசிப்பதாகவே வரையறுத்தார்கள். 1796இல் வெளிவந்த ‘தான்யா’ என்ற ஹசிதிய நூல், பிற இனத்தாரின் அறச்செயல்கள் தன்னலத்தில் பிறப்பவை என்றுகூடச் சொல்கிறது. அஷ்லக்கிடம் தன்னலம் எல்லா மனிதருக்கும் பொதுவானது. கட்டளையும் ஒரு மக்களிடம் தொடங்கி உலகம் முழுவதையும் சென்றடைய வேண்டியது. இருந்தும் அந்த முன்னோடிப் பொறுப்பை இஸ்ரவேல் மக்களுக்கே அவர் கொடுக்கிறார்.

எல்லாவற்றையும் பிறருக்கே கொடுத்தால் தன்னை யார் பார்ப்பது என்ற கேள்வி அற்பமானதாகத் தோன்றலாம். அஷ்லக் அதை மிகுந்த அக்கறையோடு எடுத்துக்கொண்டார். சினாயில் தோரா ஒரு தனிமனிதருக்குக் கொடுக்கப்படாமல் 6,00,000 ஆண்கள் கொண்ட மக்களுக்குக் கொடுக்கப்பட்டது ஏன் என்பதற்கு அவர் தரும் காரணமே இதுதான். தன் தேவையைத் தேடித்தர இத்தனை பேர் ஆயத்தமாக இருக்கிறார்கள் என்று உறுதியாகத் தெரிந்தால்தான் ஒருவர் தன் கவலையை விட முடியும். ஒருவருக்கொருவர் பிணை நிற்கும் இந்த நிலை இல்லாமல் அந்தக் கட்டளை நிறைவேறாது. இங்கிருந்து அவர் அரசியலுக்கும் போனார். 1940இல் ‘ஹா உமா’ என்ற பத்திரிகையைத் தொடங்கினார். ஒரே இதழோடு அது நின்றது. பொதுவுடைமைமீது அவருக்கு உண்மையான ஈர்ப்பு இருந்தது. ஆனால் தனக்குப் பலன் இல்லாத இடத்தில் மனிதனை உழைக்கவைக்கும் உந்துசக்தியை அந்த அமைப்பால் தர முடியாது, சமய உணர்வு மட்டுமே தர முடியும் என்பது அவர் கண்ட குறை. பின்னர் இஸ்ரேலின் முதல் பிரதமரான பென் குரியோன் அவரைச் சந்தித்தபோது கபாலாவைக் கேட்க, அஷ்லக் சோஷலிசத்தையே பேசினார் என்ற நினைவுக்குறிப்பும் உண்டு.

வயது பற்றிய கேள்விக்குச் சுருக்கமான விடை போதும். நாற்பது வயதுக்கு முன் படிக்கக்கூடாது என்ற பேச்சுக்கு வலுச்சேர்த்தது, பொய்மெசியா சப்பத்தாய் செவி 1666இல் இஸ்லாத்துக்கு மாறியதும் அதன் பின்விளைவுகளும். 1756இல் புரோடி நகரில் ரபிகள் விதித்த தடை லூரியாவின் எழுத்துகளுக்கு அந்த வயதெல்லையை வைத்தது. லூரியாவோ 38 வயதிலேயே இறந்துவிட்டார். அஷ்லக் இந்தத் தடை தம் காலத்துக்குப் பொருந்தாது என்று வாதிட்டார்.

சில மாதம் படித்த மாணவர் கேட்பது வேறு: படிக்கத் தொடங்கியபின் தன் குணம் மோசமாகிவிட்டதே? பொறாமை கூடியிருக்கிறது, கோபம் முன்பைவிட விரைவாக வருகிறது. மரபு இதைப் பின்னடைவாகக் கொள்வதில்லை. எவர் உயர்கிறாரோ அவருடைய தீய உந்துதலும் அந்த அளவுக்குப் பெரிதாகும் என்பது தல்மூத்தின் கருத்து. அறையில் இருந்த தூசி வெளிச்சத்தில் தெரிகிறது என்பதற்கு மேல், திருத்தத் தகுந்த புதிய விருப்பம் மாணவருக்குத் தரப்படுகிறது என்றும் அஷ்லக் மரபு விளக்குகிறது. எனவே ஏற்றமும் இறக்கமும் மாறிமாறி வரும்.

வளர்ச்சியின் படிகளுக்கு லூரியாவின் நூல்களில் கருவறை, பால்குடி, முதிர்ச்சி என்ற பெயர்கள் உண்டு. கருவில் இருப்பதுபோல் மேலுள்ள விருப்பத்துக்குத் தன்னை ஒப்படைப்பது முதல் நிலை. தனக்கென ஒன்றும் வேண்டாமல் வழங்க முடிவது அடுத்தது. விருந்தாளியைப் போல, வழங்குவதற்காகவே பெற முடிவது கடைசி நிலை. தாம் எந்தப் படியில் இருக்கிறோம் என்று மாணவர் கேட்டால் ஆசிரியர்கள் பெரும்பாலும் விடை தருவதில்லை. முதல் மனிதனின் ஒரே ஆன்மா எண்ணற்ற துண்டுகளாகச் சிதறியது, ஒவ்வொருவரும் அதில் ஒரு துண்டு என்பது லூரியாவின் போதனை. அதன்படி திருத்தம் என்பது அந்தத் துண்டுகள் அனைத்தும் மீண்டும் இணைவது. தனியொருவர் தன் பங்கை மட்டும் முடித்துக்கொண்டு விலகும் நிலை அந்த அமைப்பில் இல்லை.