ஒரே ஒரு பழம், ஒரே ஒரு சீட்: முருகன்கிட்ட என்ன கேட்கலாம்?





ரிசல்ட் சீசன் வந்தாலே நம்ம குரூப்ல எல்லாம் ஒரே மாதிரி மெசேஜ்தான் வரும். "நாளைக்கு நீட் ரிசல்ட், வேண்டிக்கோங்க." "எம்பிபிஎஸ் சீட் கிடைச்சா பழனிக்கு நடந்தே வர்றேன் முருகா." கீழே வரிசையா எல்லாரும் "வேலும் மயிலும் துணை"ன்னு போடுவாங்க. நல்ல விஷயம்தான். ஆனா அந்த வேண்டுதலுக்குள்ள ஒரு கஷ்டமான கேள்வி இருக்கு. இன்னிக்கு அதைக் கொஞ்சம் நிதானமா யோசிப்போம்.

நோய் குணமாகணும்னு வேண்டினா யாருக்கும் நஷ்டம் இல்லை. மழை வேணும்னு வேண்டினா ஊருக்கே பெய்யும். சீட் அப்படி இல்லை. நம்ம கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரியையே எடுத்துக்குவோம். 2022 ஜனவரி 12 அன்று திறந்தாங்க, சிறுவங்கூர்ல இருக்கு. வருஷத்துக்கு 150 எம்பிபிஎஸ் இடம். ஆயிரம் பேர் உருகி வேண்டினாலும் அது 151 ஆகாது. அப்போ "எனக்குக் குடு முருகா"ன்னு கேட்கும்போது, முகம் தெரியாத இன்னொரு பிள்ளைக்குக் குடுக்காதேன்னும் சேர்த்துத்தானே கேட்கிறோம்? அந்தப் பிள்ளையும் அதே ராத்திரி கந்த சஷ்டி கவசம் படிச்சிட்டுத்தான் தூங்கியிருக்கும்.

விருத்தாசலம் பக்கத்துல மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலுக்கு நம்ம பக்கத்துல இருந்து நிறைய பேர் போவோம். அங்கே பிராது கட்டுற வழக்கம் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். நம்ம குறையைப் பேப்பர்ல எழுதி, சாமி முன்னாடி மனுவா வச்சுக் கட்டுவோம். காசு ஏமாத்திட்டாங்க, நகை திருட்டுப் போச்சுன்னு எழுதினா எதிராளி யாருன்னு சொல்லலாம். சீட்டுக்காகப் பிராது எழுதினா எதிராளி பேர் என்னன்னு எழுதுவீங்க? வெள்ளிமலையில மண்ணெண்ணெய் விளக்குல படிச்ச பிள்ளை பேரையா? சென்னையில ரெண்டு வருஷம் கோச்சிங் போன பிள்ளை பேரையா?

இந்த இடத்துல நம்ம எல்லாருக்கும் தெரிஞ்ச ஞானப்பழக் கதையை ஞாபகப்படுத்திக்குவோம். பழம் ஒண்ணுதான், அதை வெட்டிப் பங்கு போட முடியாது. உலகத்தை முதல்ல சுத்தி வர்றவருக்குப் பழம்னு போட்டி. முருகன் மயில் ஏறி உலகமெல்லாம் சுத்தினார். பிள்ளையார் அம்மையப்பனைச் சுத்தி வந்து பழத்தை வாங்கிட்டார். நாம சீட் கேட்டுப் போறது, அன்னிக்கு வெறுங்கையோட நின்ன சாமிகிட்ட! கிடைக்காதவன் மனசு எப்படி இருக்கும்னு அவருக்குத் தெரியாதா? அதனால "அவனைத் தோற்கடிச்சு என்னை ஜெயிக்க வை"ன்னு அவர்கிட்ட கேட்கிறது எனக்குப் பொருத்தமாத் தெரியலை.

அதே கதையில இன்னொண்ணும் இருக்கு. போட்டி ஒண்ணுதான், ஆனா ரெண்டு பேரும் கடந்த தூரம் ஒண்ணு இல்லை. பிள்ளையார் மேல குறை சொல்லலை, அவர் செஞ்சதுக்குப் பெரிய தத்துவம் இருக்கு. நான் சொல்றது தூரத்தைப் பத்தி மட்டும்தான். கொளஞ்சியப்பர் கோயில்ல பிராது கட்டும்போது நம்ம ஊர் எவ்வளவு தூரம்னு கணக்குப் பார்த்துப் படிப்பணம் கட்டுவாங்க. எங்கிருந்து வர்றேன்னு சாமி சந்நிதியில கேட்கிறாங்க. நீட் வினாத்தாள் அதைக் கேட்காது. களமருதூர் மாதிரி ஊர்ல அரசுப் பள்ளியில படிச்சிட்டு, லீவு நாள்ல கரும்பு வயலுக்கும் போற பிள்ளைக்கும் அதே 720 மார்க்தான். கோச்சிங்குக்கே லட்சக்கணக்குல கட்டின பிள்ளைக்கும் அதே 720தான்.

இந்தத் தூரத்தைக் கணக்குல எடுக்கத்தான் தமிழ்நாடு அரசு 2020ல ஒரு சட்டம் கொண்டு வந்தது. 6ஆம் வகுப்புல இருந்து 12 வரை அரசுப் பள்ளியில படிச்சு, நீட்டும் பாஸ் ஆனவங்களுக்கு மருத்துவப் படிப்புல 7.5 சதவீதம் உள் ஒதுக்கீடு. அதுக்கு முந்தின வருஷம் அரசுப் பள்ளியில இருந்து அரசு மருத்துவக் கல்லூரிக்குப் போனவங்க ஒற்றை இலக்கம். சட்டம் வந்த முதல் வருஷமே அந்த எண்ணிக்கை பல மடங்கு கூடிடுச்சு. 2022 ஏப்ரல்ல சென்னை உயர் நீதிமன்றமும் இந்தச் சட்டம் செல்லும்னு சொல்லிடுச்சு.

"மார்க் கம்மியா இருந்தும் கோட்டாவுல வந்துட்டான்"னு சொல்றவங்க இருக்காங்க. அவங்க கேட்கிறதுல ஒரு நியாயமான பயம் இருக்கு: நாளைக்கு நோயாளி உயிர் இவங்க கையிலதானே? ஆனா ஒதுக்கீடு வாசல் வரைக்கும்தான். உள்ளே போன பிறகு எல்லாருக்கும் அதே நாலரை வருஷப் படிப்பு, அதே பல்கலைக்கழகப் பரீட்சை, அதே பாஸ் மார்க், அதே ஒரு வருஷப் பயிற்சி. கல்வராயன் மலையிலேயே பாருங்க. 2025ல சேலம் பக்கம் கருமந்துறை அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி மாணவி ஒருத்தர் ஜேஇஇ அட்வான்ஸ்டு எழுதி சென்னை ஐஐடியில இடம் பிடிச்சார். அந்த மலையில அறிவு புதுசா அந்த வருஷம் முளைக்கலை. வழி இப்போதான் திறக்குது.

ஆனா இதோட முடிச்சிட்டா நாம பாதிதான் பேசினதா ஆகும். அரசு உதவி பெறும் பள்ளியில படிச்ச பிள்ளைக்கு இந்த 7.5 கிடையாது. அந்தப் பிள்ளையோட அப்பாவும் கூலி வேலைக்குத்தான் போவார், அம்மாவும் அதே கரும்பு வயல்ல நிப்பாங்க. பள்ளிக்கூட போர்டுல இருக்கிற ஒரு வார்த்தையால சீட் போயிடும். எந்தச் சட்டமும் தூரத்தை முழுசா அளந்துட முடியாது. எங்கே கோடு போட்டாலும் கோட்டுக்கு வெளியே ஒரு நல்ல பிள்ளை நிக்கும்.

அதனால சீட் கிடைச்சவங்க "இது முழுக்க என் திறமை"ன்னு சொல்லிட முடியாது. உழைப்பு உங்களோடது, சந்தேகமே இல்லை. ஆனா நல்ல டீச்சர், நேரத்துக்குக் கிடைச்ச சர்டிஃபிகேட், பரீட்சை அன்னிக்குக் காய்ச்சல் வராத உடம்பு, இதெல்லாம் உங்களுக்குக் கிடைச்சது. இதைத்தான் நாம அருள்னு சொல்றோம். அதேபோல சீட் கிடைக்காதவங்க "நான் எதுக்கும் லாயக்கில்லை"ன்னு நினைச்சா அதுவும் தப்புக் கணக்குதான். அந்தத் தப்புக் கணக்கால தமிழ்நாடு எத்தனையோ பிள்ளைகளை இழந்துடுச்சு. மனசு ரொம்ப பாரமா இருந்தா 104க்கு ஃபோன் பண்ணுங்க, கவுன்சிலிங் குடுப்பாங்க. வீட்டுல சொல்லுங்க, ஃப்ரெண்டுகிட்ட சொல்லுங்க. பழம் கிடைக்காத சாமியைப் பார்க்கத்தான் பழனியில இன்னிக்கும் அவ்வளவு கூட்டம்.

அப்போ வேண்டவே கூடாதா? தாராளமா வேண்டுங்க. பிள்ளை அப்பன்கிட்ட கேட்காம யார்கிட்ட கேட்கும்? இப்படிக் கேட்டுப் பாருங்க: "முருகா, என் தூரத்தை நான் ஓடி முடிக்கத் தெம்பு குடு. இடம் கிடைச்சா அதுக்குத் தகுந்த மாதிரி நடந்துக்கப் புத்தி குடு. வேற பிள்ளைக்குக் கிடைச்சா அது நல்ல டாக்டரா வரட்டும், எனக்கு அடுத்த வழி காட்டு." இதுல யாரும் எதிராளி இல்லை.

சீட் கிடைச்சவங்க பழனி போயிட்டு வாங்க, மொட்டை போடுங்க, காவடி எடுங்க. கூடவே ஒரு நேர்த்திக்கடன் இப்படியும் வச்சுக்கோங்க. நீங்க படிச்ச புக்கை எடைக்குப் போடாம உங்க அரசுப் பள்ளிக்கே குடுங்க. 7.5க்கு விண்ணப்பிக்க எந்தச் சான்றிதழ் எங்கே வாங்கணும், கவுன்சிலிங்ல கல்லூரி வரிசையை எப்படிப் போடணும்னு அடுத்த வருஷப் பிள்ளை ஒருத்தருக்காவது உட்கார்ந்து சொல்லிக் குடுங்க. மலையில இருக்கிற பிள்ளைக்கு ஓடிபி வராம ஃபார்ம் பாதியில நிக்கும், அன்னிக்கு உங்க ஃபோன் எடுக்கணும்.

இந்த வருஷம் எழுதுற எல்லாப் பிள்ளைகளுக்கும் அந்த செந்திலாண்டவன் துணை நிக்கட்டும். உங்களுக்குத் தெரிஞ்ச பிளஸ் டூ பிள்ளை யாராவது இருந்தா இதை அனுப்புங்க.

வேலும் மயிலும் துணை. முருகா சரணம்!